பேஸ்புக்கோட அரசாங்கப் பொய்ப் பிரச்சாரத் தடுப்பு சேவை: அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார் தான் குடுக்க முடியும்

எதுக்கு ரிவியூன்னு மொதல்ல சொல்லிடுறேன். ஒரு நாட்டோட அரசாங்கமோ ராணுவமோ பொய்ப் பேர்ல பக்கம் ஆரம்பிச்சு ஜனங்களுக்குள்ள வெறுப்ப கெளப்புனா அத கண்டுபிடிச்சு தூக்குறோம்னு பேஸ்புக் சொல்லுது இல்ல, அந்த சேவைக்கு தான். போனுக்கு ரிவியூ எழுதுறோம், பிரியாணிக்கு எழுதுறோம், இதுக்கும் யாராவது எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கெடந்துச்சு. காசு குடுக்கலன்னாலும் தினமும் ரெண்டு மூணு மணி நேரம் குடுக்குறோம், வீட்டு விவரம் மொத்தமும் குடுக்குறோம், அப்ப சேவை எப்படின்னு கேக்குற உரிமை நமக்கு இருக்கு.

நான் ஏன் எழுதுறேன்னா எங்க அப்பா குடும்பம் பர்மால, அதாவது இப்பத்திய மியான்மர்ல இருந்து வந்தவங்க. 1962ல ராணுவத் தளபதி நெவின் ஆட்சிய புடிச்சதுக்கு அப்புறம் கட, மில்லு எல்லாத்தையும் அரசுடைமை ஆக்குனப்ப தாத்தாவோட மளிகைக் கடையும் போச்சு, கப்பல் ஏறி மெட்ராஸ் வந்து வியாசர்பாடில குடியேறுனாங்க. பெரிய அத்தைக்கு மட்டும் அதுக்கு முன்னாடியே அங்க கல்யாணம் ஆயிட்டதால அவங்க அங்கயே தங்கிட்டாங்க, 80 வயசு நெருங்குது, இன்னும் யாங்கூன்ன ரங்கூன்னு தான் சொல்வாங்க. அதனால மியான்மர் எனக்கு எங்கயோ இருக்குற நாடு கெடயாது. இந்த சேவை எந்த அளவுக்கு வேல செய்யும், எங்க கைய விரிக்கும்னு பாக்கணும்னா மியான்மர்ல 2012ல இருந்து 2018 வரைக்கும் என்ன நடந்துச்சுன்னு பாத்தா போதும்.

அங்க ஒரு காலத்துல சிம் கார்டு வாங்கணும்னா சொத்த வித்து தான் வாங்கணும், அவ்ளோ வெல. 2014ல டெலினார், ஊரிடூன்னு ரெண்டு வெளிநாட்டு கம்பெனி உள்ள வந்ததும் ஒரே வருஷத்துல அதே சிம் ஒன்றர டாலருக்கு கெடச்சுது. நம்ம ஊர்ல மொதல்ல பிரவுசிங் சென்டர், அப்புறம் ஈமெயில், அப்புறம் ஆர்குட்னு படிப்படியா வந்தோம் இல்ல, அவங்களுக்கு அந்தப் படியே இல்ல, நேரா கைல ஸ்மார்ட்போன். போன் விக்கிற கடைலயே பேஸ்புக் அக்கவுண்ட் தொறந்து குடுத்து அனுப்பிடுவாங்க. இன்டர்நெட்னா பேஸ்புக், பேஸ்புக்னா இன்டர்நெட், ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஜனம் கோடிக்கும் மேல. நியூஸ், வேல, பஸ் டைம், வதந்தி எல்லாம் ஒரே எடத்துல.

இவ்ளோ பெரிய கூட்டத்துக்கு சேவை செய்ய வந்த கம்பெனி எத்தன பேர வேலைக்கு வெச்சிருந்துச்சு தெரியுமா? 2015 ஆரம்பத்துல பர்மீஸ் மொழில வர்ற புகார படிச்சு பாக்க பேஸ்புக்ல மொத்தமே ரெண்டு பேர் தான் இருந்தாங்கன்னு ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2018ல எழுதுச்சு. ரெண்டு பேர். ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல பன்னீர் தெளிக்கவே நாலு பேர் நிப்பாங்க.

பாஷ தெரியாம சேவை நடத்துனா என்ன ஆகும்ங்கிறதுக்கு அதே ராய்ட்டர்ஸ் ஒரு உதாரணம் குடுத்துச்சு, படிச்சதுல இருந்து மறக்க முடியல. பர்மீஸ்ல ஒருத்தன் போட்ட போஸ்ட், மியான்மர்ல கண்ணுல படுற கலா ஒருத்தனையும் உயிரோட விடாதீங்க, எல்லாரையும் கொல்லுங்கன்னு அர்த்தம். அத பேஸ்புக்கோட மொழிபெயர்ப்பு பட்டன் இங்கிலீஷ்ல எப்படி காட்டுச்சுன்னா, மியான்மர்ல எனக்கு வானவில் இருக்கக் கூடாதுன்னு காட்டுச்சு. கொலை மிரட்டல் வானவில்லா மாறிடுச்சு. அத கலிபோர்னியால ஒக்காந்து பாக்குறவனுக்கு என்ன புரியும், ஏதோ கவிதன்னு நெனச்சு அடுத்ததுக்கு போயிடுவான்.

அந்த கலாங்கிற வார்த்தைய பத்தி அத்தைகிட்ட கேட்டேன். தமிழர், தெலுங்கர்னு இந்தியாவுல இருந்து போனவங்க, மேற்கு மியான்மர்ல ராக்கைன் மாநிலத்து முஸ்லிம் ஜனமான ரோஹிங்கியா, யாரா இருந்தாலும் அங்க கலா தான். "நம்மளையும் அப்படி தான்டா கூப்புடுவாங்க, சிரிச்சுக்கிட்டே சொன்னா ஒண்ணு, பல்ல கடிச்சுக்கிட்டு சொன்னா வேற"ன்னாங்க. இந்த வித்தியாசம் மெஷினுக்கு எப்படி தெரியும்? 2017ல பேஸ்புக் என்ன பண்ணுச்சுன்னா அந்த வார்த்தை இருக்குற போஸ்டயே தூக்க ஆரம்பிச்சுது. பர்மீஸ்ல கலா பேன்னா பருப்பு, கலா தைங்னா நாற்காலி, ரெண்டுலயும் அந்த வார்த்தை ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுனால பருப்பு பத்தி எழுதுனவனோட போஸ்டு போச்சு, நாற்காலி பத்தி எழுதுனவனோடது போச்சு, அந்த வார்த்தைய யாரும் திட்டுறதுக்கு பயன்படுத்தாதீங்கன்னு புத்தி சொன்னவனோட போஸ்டும் போச்சு. வெறுப்ப கெளப்புறவன் வேற வார்த்தைய தேடிக்கிட்டு போயிட்டான்.

இப்ப ராணுவம் பண்ணுன வேலைக்கு வர்றேன், இத கொஞ்சம் வெலாவாரியா சொல்லணும். 2018 அக்டோபர்ல நியூயார்க் டைம்ஸ் இத வெளில கொண்டு வந்துச்சு. மியான்மர் ராணுவத்துல 700 பேர் வரைக்கும் இதுக்குன்னே ஒதுக்கி வெச்சிருந்தாங்க, தலைநகர் நேப்பிடா பக்கத்து மலையடிவாரத்துல இருக்குற முகாம்கள்ல ஷிஃப்ட் போட்டு வேல பாத்திருக்காங்க. எடுத்ததும் அரசியல் பேச மாட்டாங்க. மொதல்ல ஒரு பாப் பாடகருக்கு ரசிகர் பக்கம், ஒரு அழகு ராணிக்கு பக்கம், அழகுக் குறிப்பு பக்கம், ஜோக் பக்கம்னு ஆரம்பிச்சு வருஷக் கணக்குல கூட்டம் சேப்பாங்க. லைக் போட்டவங்களுக்கு அது ராணுவ ஆபீஸ்ல இருந்து வருதுன்னு கனவுல கூட தெரியாது. கூட்டம் சேந்ததுக்கு அப்புறம் நடுநடுல ஒரு பொய் போட்டோ, ஒரு பொய்ச் செய்தி, ரோஹிங்கியாக்காரன் அவள கெடுத்துட்டான், இவன வெட்டிட்டான்னு. அத கொறை சொல்லி யாராவது கமெண்ட் போட்டா அவங்கள திட்டி தீக்க வேற பொய் அக்கவுண்ட் தயாரா இருக்கும்.

போட்டோ விஷயத்துல அவங்க கை எவ்ளோ துணிஞ்ச கைன்னா 2018ல ராணுவமே அச்சடிச்சு வெளியிட்ட ஒரு புத்தகத்துல, ரோஹிங்கியாக்கள் பௌத்தர்கள கொன்னதுன்னு ஒரு போட்டோ போட்டிருந்தாங்க, ராய்ட்டர்ஸ் தேடிப் பாத்தா அது 1971 வங்கதேச போர்ல எடுத்த போட்டோ. புத்தகத்துலயே இப்படின்னா பொய்ப் பேர் பக்கத்துல என்ன தயங்கப் போறாங்க.

எனக்கு வயித்த கலக்குனது 2017 செப்டம்பர்ல நடந்தது. ஆகஸ்ட் 25க்கு அப்புறம் ராக்கைன்ல ராணுவம் எறங்கி ரோஹிங்கியா ஜனம் 7 லட்சத்துக்கும் மேல வங்கதேசத்துக்கு ஓடுன நேரம் அது. செப்டம்பர் 11 நெருங்குறப்ப மெசஞ்சர்ல ஒரு ஃபார்வர்டு கெளம்புச்சு, பௌத்தர்களுக்கு போனதுல முஸ்லிம்கள் உங்கள தாக்கப் போறாங்க ஜாக்கிரதைன்னு இருந்துச்சு, முஸ்லிம்களுக்கு போனதுல புத்த பிட்சுகள் உங்களுக்கு எதிரா கெளம்பப் போறாங்க ஜாக்கிரதைன்னு இருந்துச்சு. ரெண்டு பக்கமும் பயந்து நடுங்கணும், அப்ப தான ராணுவம் இருந்தா தான் பாதுகாப்புன்னு ஜனம் நெனைக்கும். இதுக்கு பின்னாடியும் ராணுவத்தோட அந்த ஆளுங்க தான்னு டைம்ஸ் எழுதுச்சு.

இதே வித்தைய அதுக்கு முந்தின வருஷமே அமெரிக்காவுல ரஷ்யாக்காரங்க பண்ணியிருந்தாங்க. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல, புடினுக்கு நெருக்கமான தொழிலதிபர் ப்ரிகோஜின் காசுல ஓடுன இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சின்னு ஒரு ஆபீஸ். 2016 மே 21ல டெக்சாஸ்ல ஹூஸ்டன் ஊர்ல ஒரு இஸ்லாமிய மையத்துக்கு வெளிய ரெண்டு கூட்டம் எதிரும் புதிருமா நின்னு கத்திக்கிட்டு இருந்துச்சு. ஒரு கூட்டத்த கூப்புட்டது ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்ங்கிற பேஸ்புக் பக்கம், இன்னொரு கூட்டத்த கூப்புட்டது யுனைடெட் முஸ்லிம்ஸ் ஆஃப் அமெரிக்காங்கிற பக்கம், ரெண்டையும் நடத்துனது ரஷ்யாவுல இருந்த அதே ஆபீஸ். ரெண்டுக்கும் சேத்து விளம்பரத்துக்கு ஆன செலவு 200 டாலர் சுமாருன்னு அமெரிக்க செனட் கமிட்டில சொன்னாங்க. அந்த ஆபீஸ் போட்ட போஸ்டு அமெரிக்காவுல 12 கோடியே 60 லட்சம் பேர் கண்ணுல பட்டிருக்கலாம்னு பேஸ்புக்கே 2017ல ஒத்துக்கிச்சு.

சேவையோட தரம் எங்க பளிச்னு தெரியுதுன்னா இந்த ரெண்டு கேசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கும்போது தான். அமெரிக்க கேஸ்ல செனட் கூப்புட்டு கேள்வி கேட்டுச்சு, 13 ரஷ்யர்கள் மேல 2018 பிப்ரவரில குற்றப்பத்திரிகை வந்துச்சு, அந்தப் பொய்ப் பக்கத்த நீங்க ஃபாலோ பண்ணுனீங்களான்னு ஜனங்களே பாத்துக்க பேஸ்புக் ஒரு வசதி செஞ்சு குடுத்துச்சு, ட்விட்டர் லட்சக்கணக்கான பேருக்கு ஈமெயில் போட்டுச்சு. நல்ல விஷயம், இதுக்கு நான் முழு மார்க் குடுப்பேன். மியான்மர் கேஸ்ல அந்த மெசஞ்சர் ஃபார்வர்ட கண்டுபிடிச்சது யாருன்னா அந்த ஊர்ல சம்பளத்துக்குக் கூட சிரமப்படுற சின்னச் சின்ன தொண்டு அமைப்புக்காரங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இங்கிலீஷ்ல விளக்கம் எழுதி, தெரிஞ்ச பேஸ்புக் ஆளுங்களுக்கு ஈமெயில்ல அனுப்புனாங்க. 2018 ஏப்ரல்ல பேஸ்புக் தலைவர் சக்கர்பர்க் ஒரு பேட்டில எங்க சிஸ்டம் அத கண்டுபுடிச்சு நிறுத்திடுச்சுன்னு சொன்னாரு. உடனே அந்த அமைப்புங்க 6 பேர் சேந்து பகிரங்கமா கடிதம் எழுதுனாங்க, நீங்க சொல்ற அந்த சிஸ்டம் நாங்க தானுங்க, அதுக்குள்ள அந்த மெசேஜ் ஊரெல்லாம் பரவிடுச்சுன்னு. அவரு மன்னிப்பு கேட்டு ஈமெயில் போட்டாரு. அந்தக் கடிதத்த தேடி ஒரு தடவ படிங்க, கோவத்த அடக்கிக்கிட்டு எவ்ளோ மரியாதையா எழுதிருக்காங்கன்னு பாத்தா தொண்டை அடைக்கும்.

கடைசில 2018 ஆகஸ்ட் 27ஆம் தேதி 18 அக்கவுண்ட், 52 பக்கம் தூக்குனாங்க, ராணுவத் தளபதி மின் ஆங் லைங்கோட பக்கமும் அதுல ஒண்ணு. தூக்குன பக்கங்கள ஃபாலோ பண்ணுனவங்க கிட்டத்தட்ட 1 கோடியே 20 லட்சம். அன்னைக்கு தேதிய கவனிங்க, ஐநா உண்மை அறியும் குழு தன்னோட அறிக்கைய வெளியிட்ட அதே நாள். ஓடிப் போனவங்க ஓடிப் போயி ஒரு வருஷம் ஆயிடுச்சு. அதே வருஷம் நவம்பர்ல, நாங்க போதுமான அளவுக்கு செய்யலன்னு கம்பெனியே எழுத்துல ஒத்துக்கிச்சு, பர்மீஸ் தெரிஞ்சவங்க எண்ணிக்கைய 100 பக்கமா கூட்டுனாங்க. 2021 பிப்ரவரில ராணுவம் ஆட்சிய புடிச்சப்ப மூணே வாரத்துல ராணுவத்த மொத்தமா தடை பண்ணுனாங்க. ஆள் போட்டா வேல நடக்குதுன்னு இதுலயே தெரியுது.

நல்லதையும் சொல்லணும். 2018க்கு அப்புறம் பேஸ்புக் கம்பெனி, இப்ப பேரு மெட்டா, எந்த நாட்டு ஆளுங்க, எத்தன அக்கவுண்டு, எப்படி கண்டுபுடிச்சோம்னு அறிக்கை போட ஆரம்பிச்சாங்க, அதுல சிலது உண்மையிலயே அருமையான வேல. 2023 ஆகஸ்ட்ல சீனாவோட ஒரு பெரிய நெட்வொர்க்க தூக்குனாங்க, 7,704 பேஸ்புக் அக்கவுண்டு, 954 பக்கம். சீன போலீஸ் துறையோட சம்பந்தப்பட்ட ஆளுங்கன்னு சொன்னாங்க. எப்படி புடிச்சாங்கன்னு படிக்கும்போது அசந்து போயிட்டேன். நாடு முழுக்க வேற வேற ஊர்ல இருந்து ஓடுன அக்கவுண்டு எல்லாம் பெய்ஜிங் நேரப்படி காலைல கெளம்பும், மத்தியான சாப்பாட்டுக்கு நிக்கும், ராத்திரி சாப்பாட்டுக்கு நிக்கும், அப்புறம் ஒரு கடைசி ரவுண்டு. ஆபீஸ் வேலன்னு அந்த நேரமே காட்டிக் குடுத்துருச்சு. உள்ளாடை விளம்பரம் ஓடிக்கிட்டு இருந்த ஒரு சீனப் பக்கம் ராத்திரியோட ராத்திரியா இங்கிலீஷ்ல கஜகஸ்தான் கலவரம் பத்தி பேச ஆரம்பிச்சதாம், வெலைக்கு வாங்குன பக்கம்.

ரஷ்யா சீனாவ மட்டும் தான் புடிப்பாங்களான்னு கேட்டா, அப்படி இல்ல, 2022 நவம்பர்ல அமெரிக்க ராணுவத்தோட சம்பந்தப்பட்ட ஆளுங்க நடத்துன நெட்வொர்க்கயும் பேர் சொல்லி வெளியிட்டாங்க, அத நான் மதிக்கிறேன். ஆனா அதுலயும் ஒரு நெருடல் இருக்கு. கொரோனா நேரத்துல பிலிப்பைன்ஸ்ல சீனாவோட சினோவாக் ஊசிய போட்டுக்காதீங்கன்னு ஜனங்கள பயமுறுத்த அமெரிக்க ராணுவமே பொய் அக்கவுண்டு நடத்துச்சுன்னு 2024ல ராய்ட்டர்ஸ் எழுதுச்சு, எக்ஸ்ல (ட்விட்டரோட இப்பத்திய பேரு) மட்டும் 300 அக்கவுண்டு அளவுக்கு. பேஸ்புக் ஆளுங்க 2020லயே அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன்காரங்ககிட்ட போயி உங்க அக்கவுண்டு பளிச்னு தெரியுதுன்னு சொல்லிருக்காங்க, ஆனா அந்த வேல 2021 வரைக்கும் ஓடிருக்கு. ஊசி போட பயந்தவங்க பிலிப்பைன்ஸ் ஜனம், அவங்களுக்கு யார் சொன்னா?

ஒரு நாடு சின்னதா இருந்தா சேவை எவ்ளோ மெதுவா வரும்ங்கிறதுக்கு பேஸ்புக்ல வேல பாத்த சோஃபி ஷாங் சொன்ன விஷயம் ஒண்ணு போதும். ஹோண்டுராஸ் ஜனாதிபதியோட பக்கத்துக்கு ஆயிரக்கணக்குல பொய் லைக் வருதுன்னு அவங்க கண்டுபுடிச்சு மேல சொன்னாங்க, தூக்குறதுக்கு கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆச்சு. 2021ல வெளில வந்த பேஸ்புக்கோட உள் ஆவணங்கள்ல பொய்ச் செய்திய வகைப்படுத்துற வேலைக்கு ஒதுக்குன நேரத்துல 87 சதவீதம் அமெரிக்காவுக்குன்னு இருந்துச்சு, மிச்ச உலகம் மொத்தத்துக்கும் 13 சதவீதம். தமிழ், பர்மீஸ், சிங்களம், எத்தியோப்பியாவோட அம்ஹாரிக் எல்லாம் அந்த 13க்குள்ள தான். இலங்கைல 2018ல முஸ்லிம்களுக்கு எதிரா நடந்த திகன கலவரத்துல தன்னோட தளத்துக்கும் பங்கு இருக்குன்னு 2020ல பேஸ்புக் மன்னிப்பு கேட்டுச்சே, அங்கயும் பாஷ தெரிஞ்ச ஆள் போதலங்கிறது தான் பெரிய கொறை.

மத்த கம்பெனிகள சுருக்கமா சொல்லிடுறேன். யூட்யூப் 2018லயே அரசாங்கக் காசுல ஓடுற சேனலுக்கு கீழ ஒரு பட்டை போட ஆரம்பிச்சுது, இன்னாருக்கு இந்த அரசாங்கம் பணம் குடுக்குதுன்னு, எளிமையான நல்ல வசதி, எனக்கு புடிச்சிருக்கு. ட்விட்டரும் 2020ல அரசாங்க ஊடகம்னு லேபிள் போட்டுச்சு, 2023 ஏப்ரல்ல அமெரிக்க ரேடியோ என்பிஆர், பிபிசிக்கெல்லாம் லேபிள் ஒட்டி சண்டையாகி கடைசில ரஷ்யாவோட ஆர்டி, சீனாவோட சின்ஹுவா உட்பட எல்லார் லேபிளையும் மொத்தமா உரிச்சு போட்டாங்க. 2025 நவம்பர்ல எக்ஸ் அக்கவுண்டு எந்த நாட்டுல இருந்து ஓடுதுன்னு காட்டுற வசதி கொண்டு வந்தாங்க, இருக்குற எடத்த மறைக்கிற விபிஎன் ஆப் போட்டு ஏமாத்தலாம்னாலும் வந்தது நல்லது தான்.

இப்ப என் சொந்த அனுபவம், எந்த ஆப்புன்னு பேர் போடல. தமிழ் செய்திப் பக்கம்னு சொல்லிக்கிட்டு ஒண்ணு, வெளிநாட்டு அரசாங்க டிவியோட வீடியோவ எடுத்து தமிழ்ல குரல் குடுத்து போடுது. வலது மூலைல பழைய லோகோ இருந்த எடத்துல ஒரு மங்கலான கட்டம், அது மேல இவங்க லோகோ, பெரிய ஸ்கிரீன்ல பாத்தா அடியில பழைய எழுத்தோட வால் தெரியுது. ரிப்போர்ட் அமுக்குனேன். ஸ்பாம், ஆபாசம், வன்முறை, மோசடின்னு வரிசையா கேக்குது, இது ஒரு அரசாங்கம் ஒளிஞ்சிருந்து நடத்துற பக்கம்னு சொல்ல ஒரு எடமும் இல்ல. ஏதோ ஒண்ண அமுக்கி அனுப்புனேன், நாலு நிமிஷத்துல இங்கிலீஷ்ல பதில், எங்க விதிய மீறலன்னு. வீடியோவே ஆறு நிமிஷம் ஓடும். மேல்முறையீடு போட்டேன், ஒன்பது நாள் கழிச்சு அதே பதில். தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் அத பாத்திருந்தா மொத அரை நிமிஷத்துல அந்த குரல்ல இருக்குற தடுமாற்றமே சொல்லிருக்கும், நம்ம ஊர்ல யாரும் அப்படி பேச மாட்டாங்க.

அதனால எனக்கு என்ன வேணும்னா, எந்த மொழிக்கு எத்தன ஆள் வெச்சிருக்கீங்கன்னு வருஷா வருஷம் எண்ணிக்கைய வெளியிடணும், தமிழுக்கு இத்தன, பர்மீசுக்கு இத்தனன்னு. அப்புறம் ஒரு பொய்ப் பக்கத்த தூக்குனா அத ஃபாலோ பண்ணுன ஒவ்வொருத்தருக்கும் அவங்க பாஷைல சொல்லணும், நீங்க நம்பி படிச்ச பக்கம் இன்னாரோடதுன்னு, அமெரிக்காவுல செஞ்ச மாதிரி. அறிக்கை இங்கிலீஷ்ல பிடிஎஃப்பா கெடந்தா எங்க அத்தைக்கு என்ன பிரயோசனம்? இதுல பின்னாடி வேற போறாங்க, எது வேகமா பரவுதுன்னு பத்திரிகைக்காரங்களும் ஆராய்ச்சி பண்றவங்களும் பாத்துக்கிட்டு இருந்த கிரவுட்டேங்கில்ங்கிற கருவிய 2024 ஆகஸ்ட்ல மூடிட்டாங்க. அதுக்காகவே அரை ஸ்டார் கொறைச்சேன்.

அஞ்சுக்கு ரெண்டு. அறிக்கைக்கும், கண்டுபுடிக்கிற ஆளுங்களோட திறமைக்கும் தான் அந்த ரெண்டு. பாஷ தெரிஞ்ச ஆள் சேத்தா நானே வந்து இந்த ரிவியூவ மாத்தி எழுதுறேன்.

அத்தை இப்பவும் பேஸ்புக் பாக்குறாங்க, ராணுவம் 2021ல தடை பண்ணுனதுல இருந்து விபிஎன் போட்டு தான், 2024ல அந்த விபிஎன்னயும் தடுக்க ஆரம்பிச்சப்ப பேரன் வேற ஒண்ணு போட்டு குடுத்தானாம். உண்மையான செய்தியும் அங்க தானடா வருதுன்னு சொல்றாங்க. போன வாரம் மூணு நாளா ஆன்லைன்ல காணும்னு இங்க எல்லாரும் பதறிட்டோம். நேத்து ராத்திரி ஒரு போட்டோ வந்துச்சு, வெண்கலச் சட்டில பருப்பு வெந்துக்கிட்டு இருக்கு, கீழ பர்மீஸ்ல ரெண்டே வார்த்தை, கலா பே.